உப்பை விட்டவள்

மரக்காணம் உப்பளத்துப் பெண்களுக்கென்று அரசாங்கம் நடத்திய மருத்துவ முகாம் அது. போன முறை தலைசுற்றலோடு வந்த அஞ்சலாட்சியின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்த டாக்டர் வைதேகிக்குப் பெருமை தாங்கவில்லை.

"பிரஷர் நல்லா இறங்கியிருக்கே! நான் சொன்ன மாதிரி உப்பைக் குறைச்சியா?"

"குறைக்கிறதென்ன டாக்டரம்மா, அடியோட விட்டுட்டேன்."

"அடேயப்பா! கஷ்டமா இல்லியா?"

"இல்லாம இருக்குமா? வூட்டுக்காரரு தெனம் சண்டை. டாக்டரம்மா பேச்சை மீற மாட்டேன்னு நானும் புடிவாதமா இருந்துட்டேன்."

இப்படிச் சொன்னதைக் கேட்கிற ஜனங்கள் இருந்தால் எந்தத் திட்டம்தான் ஜெயிக்காது என்று நினைத்துக்கொண்டாள் வைதேகி. ஒன்றுதான் உறுத்தியது. ஆள் பாதியாக இளைத்துப்போயிருந்தாள்.

"ஏன் இப்படி மெலிஞ்சுட்டே? உப்பில்லாம சாப்பாடு இறங்கலியா?"

அஞ்சலாட்சி திருதிருவென்று விழித்தாள்.

"சாப்பாட்டு உப்பையா சொன்னீங்க? எங்க ஊர்ல உப்புன்னா அளத்து வேலைதானுங்களே! நான் உப்பு வார்ற வேலையை இல்ல விட்டுட்டேன்?"

வைதேகியின் கையிலிருந்த காற்றுப் பந்து மெல்லச் சுருங்கியது.

"வேலையையா? அப்போ கூலி?"

"போனாத்தானே கூலி? ஒடம்பு முடியலேன்னு குந்திக்கினு இருந்தா, சோறு போடச் சொல்லி எந்த சர்க்காரு சட்டம் போட்டிருக்குது?"

வைதேகி அவள் கையிலிருந்த பட்டையைக் கழற்றினாள். "சரி, இனிமேலாவது கஞ்சியில உப்பைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டுக்கோ" என்றாள்.

"உப்பு நெறைய கெடக்குது டாக்டரம்மா" என்றாள் அஞ்சலாட்சி. "கஞ்சிதான் இல்ல."