தையல்காரம்மாவின் பல்லடைப்பு

சகலருக்கும் அறிவிக்கப்படுவது: இனி எந்த உலோகப் பல்லடைப்பும் ஸ்கேன் படத்தில் வெள்ளைக் கோடுகள் இழுத்து நோயை மறைக்கத் துணியாது. புதிய திருத்தும் மென்பொருளுக்கு மாலை போடாத குறையாகத் தலைமை மருத்துவர் முழங்கி முடித்தார்.

டெக்னீஷியன் பெண் பொத்தானைத் தட்டினாள். தையல்காரம்மாவின் படத்தில் கோடுகளோடு அடைப்புகளும் மறைந்து, தாடைக் கட்டி பளிச்சென்று தெரிந்தது.

மதியமே தையல்காரம்மா புயலாகத் திரும்பி வந்து வாயைப் பிளந்தாள். பற்களில் வெறும் குழிகள், துடைத்து வைத்தாற்போல.

"என் அடைப்பெல்லாம் எங்க? யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"முழுங்கியிருப்பீங்க" என்றார் மருத்துவர்.

"நாலையும் ஒண்ணா முழுங்க நான் என்ன மலைப்பாம்பா? எடுக்கறதுதான் எடுத்தீங்க, அந்தக் கட்டியை எடுத்திருக்கக் கூடாதா?"

டெக்னீஷியனுக்கும் பொறுக்கவில்லை. "சார், படத்துல அழிச்சது வாயிலயும் இல்ல. இதை நிறுத்திடலாம்."

"படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது?" என்று சீறியவர், தாமே ஸ்கேன் மேசையில் ஏறிப் படுத்தார். "கழுத்துலேருந்து வயிறு வரைக்கும் எடு. திருத்து. என் உடம்புல எது காணாமப் போகுதுன்னு பாத்துடலாம்!"

எடுத்தாள். திரையில் அவருடைய இடது மார்பிலிருந்து வெள்ளைக் கோடுகள் விசிறியாக விரிந்தன.

"தட்டும்மா, என்ன யோசனை?" என்று உள்ளிருந்து அதட்டினார்.

அவர் நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தது.