மவுத் ஆர்கனும் கூட வந்த குரல்களும்

இதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொன்னதில்லை என்று மலைக்கோட்டை உச்சியில் ஏறி நின்றும் சத்தியம் செய்யலாம்.

எண்பத்து மூன்றில், திருச்சி மேலப்புதூர் அமிர்தராஜ் தன் மவுத் ஆர்கன் வாசிப்பை வீட்டு டேப்ரிக்கார்டரில் பதிந்தார். மனைவி டோரதி காதைப் பொத்திக்கொண்டாள்.

"கொசு கத்துற மாதிரி இருக்குங்க. நாலு பேரு நல்லாருக்குன்னு சொல்லலைன்னா அந்த மவுத் ஆர்கனைத் தூக்கிப் பாத்திரக்காரன்கிட்ட போட்டுருவேன்."

பயந்துபோன அமிர்தராஜ், கேசட்டைச் சமயபுரத்துத் தவில்காரர் பிச்சமுத்துவுக்குக் கொடுத்தனுப்பினார். அது திரும்பி வந்ததும் போட்டுக் கேட்டால், மவுத் ஆர்கனோடு தவிலும் சேர்ந்து அதிர்ந்தது!

"அண்ணன் கூடவே வாசிச்சுப் பதிஞ்சுட்டாரு போல," என்றாள் டோரதி. அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அடுத்து, லால்குடியில் வயலின் வாசிக்கும் அருள்நாதனிடம் போனது. திரும்பியபோது வயலினும் இருந்தது. டோரதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தே கேட்டாள். பாட்டின் நடுவில் ஒரு பெண்குரல் எழுந்தது. டோரதி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஏங்க, இது என் குரலுங்க!"

"நீ எப்ப பாடுன?"

"வாயைத் திறந்து பாடலைங்க. நீங்க வாசிக்கிறப்பல்லாம் மனசுக்குள்ள பாடுவேன்."

அதற்குப் பிறகு பாத்திரக்காரன் பேச்சே அந்த வீட்டில் எழவில்லை.

கேசட்டின் முதுகிலிருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால், அதில் யாராலும் எதையும் பதிய முடியாது. பாட்டு அழிந்துவிடக் கூடாதே என்று அமிர்தராஜ் அதை முதல் நாளே உடைத்துவிட்டிருந்தார்.