முதல் நோன்பு

கல்லூரிக்குப் புதிதாய்க் காவலுக்கு வந்திருந்த முடுவா, விடிந்ததிலிருந்து நினைவுக்கல்லின் முன் உட்கார்ந்திருந்த முக்காடு போட்ட ஓர் அம்மாவிடம், எண்ணெயில் பொரித்த மண்டாசிப் பணியாரம் ஒன்றை நீட்டினான்.

"சுடச்சுட இருக்கு. சாப்பிடுங்கம்மா."

"இன்னிக்கு நோன்புப்பா."

நீட்டிய கை சட்டென்று திரும்பியது. "தீவிரவாதிங்க உள்ள புகுந்து நீ கிறிஸ்தவனான்னு கேட்டுக் கேட்டுச் சுட்டாங்களே, அந்தப் பிள்ளைங்க பேரும்மா இதுல இருக்கு. உங்களுக்கு இங்க என்ன வேலை?"

"நன்றி சொல்ல வந்தேன்."

"நினைவு நாளுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கே!"

"அது காலேஜு கணக்கு. சுட்டது முதல் நோன்பு அன்னிக்கு. எனக்கு அதுதான் கணக்கு."

முடுவா முறைத்துக்கொண்டே போனான். ஆனாலும் அவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மாலையில் பள்ளிவாசல் பாங்கு கேட்டது. அவள் ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தாள். வாயில் போடுமுன் நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

முடுவா ஓடிவந்தான். "அம்மா, நீங்க நம்மாளா?"

கல்லில் ஹிர்சி என்ற பெயரை அவள் தடவினாள். "இவன் மட்டும் முஸ்லிம். நீ போடான்னு விட்டாங்க. என் பொண்ணைத் தன் தங்கச்சின்னு சொல்லி வெளியே கொண்டுவந்து விட்டுட்டு, அவ தோழியைக் கூட்டிவர மறுபடி உள்ள போனான். அன்னிக்கு அவன் நோன்பு திறக்கவே இல்லப்பா. அதான் வருஷா வருஷம் அவனுக்காக நான் திறக்குறேன்."

முடுவா தொப்பியைக் கழற்றினான்.

"காலையில நீட்டினியே, அந்த மண்டாசி இன்னும் இருக்கா?" என்று கை நீட்டினாள் அவள். "இப்போ குடு."