இருவர் மிதிக்கும் சைக்கிள்

கணவர் தெய்ஜி இறந்தபின் கினுயே முதன்முறையாகக் கருயிசாவா என்ற மலையூருக்கு வந்திருந்தாள். மாலை ரயிலில் திரும்ப வேண்டும். தேனிலவில் இங்கே ஓட்டியதைப் போல, இருவர் மிதிக்கும் சைக்கிளையே வாடகைக்குக் கேட்டாள்.

"தனியாவாம்மா? மேட்டுல கனக்குமே," என்றார் கடைக்காரர்.

"அப்பவும் நான்தான் மிதிச்சேன். அவர் பின்னாடி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்."

மரங்களுக்கு நடுவே பாதை செங்குத்தாக ஏறியது. பாதியில் முழங்கால் வலி தாங்காமல் கால்களை எடுத்துவிட்டாள். மிதிகட்டைகள் நிற்கவில்லை. சைக்கிள் அதே வேகத்தில் ஏறியது.

கினுயே திரும்பிப் பார்க்கவில்லை.

"இருபத்தாறு வயசுல உங்களுக்கு இந்தப் புத்தி எங்க போச்சு?" என்றாள்.

இன்னும் சற்று மேலே, முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது.

"சரி, சரி, விடுங்க. நானும் மிதிக்கிறேன்," என்று கால்களை மீண்டும் மிதிகட்டையில் வைத்தாள்.