சென்னைக்குப் போகும் வீணை

வீணைப் பெட்டியை ஷாமினி இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். கிள்ளானிலிருந்து விமான நிலையம் வரும்வரை வேனில் அதை யாரையும் தொடவிடவில்லை. கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அட்டையைக்கூடக் கழற்ற மறந்திருந்தாள்.

"கேபினுக்குள்ள போகாதுக்கா, ரொம்ப நீளம். லக்கேஜ்லதான் போடணும்," என்றாள் கவுன்டர் பெண்.

"உடைஞ்சா?"

"நாங்க பொறுப்பில்லைன்னு சைன் பண்ணிடுங்க."

"அப்படி சைன் பண்ண முடியாதுலா. ஒரு விரிசல் விழுந்தாலே சத்தம் போயிடும். உங்க சூப்பர்வைசர கூப்பிடுங்க."

அந்தப் பெண் போனை எடுத்தாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது.

பரமேஸ்வரனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கவுன்டரில் நின்ற மகளிடம் போவார், நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவி உஷாராணியிடம் திரும்பி வருவார். சட்டைப் பையிலிருந்த பாஸ்போர்ட்டை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சென்னையில இல்லாத வீணையா? அங்க போய் ஒண்ணு வாங்கிக்கக் கூடாதா?"

"கை பழகினது இதுலதாங்க," என்றாள் உஷாராணி. அவள் கண் பெட்டியை விட்டு நகரவில்லை. "இது இல்லாம போறதுக்குப் போகாமலே இருக்கலாம்."

இசைக் கல்லூரியில் இடம் கிடைத்த நாளிலிருந்தே அவருக்குச் சரியான தூக்கமில்லை. மூன்று வருஷம், ஹாஸ்டல் வாசம். பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்த வீணை வகுப்புக்குக்கூட அவர்தான் காரில் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவார். தனியாக ஓர் இடத்தில் தங்கிப் பழகாதவள். காய்ச்சல் வந்தால் பக்கத்தில் யார் இருப்பார்கள்?

வீணை போகாவிட்டால் பயணமே நின்றுவிடும் என்று தோன்றியது. அந்த நினைப்பில் ஒரு நிம்மதி வந்தது. உடனே தன்னை நினைத்து அவருக்கே வெட்கமாகிவிட்டது.

சூப்பர்வைசர் விமலன் வந்தார். இளவயசுக்காரர். பெட்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"படிக்கவா போறது?"

"ஆமா, மியூசிக்," என்றாள் ஷாமினி.

"அப்ப ஒண்ணு பண்ணலாம். இன்னைக்கு ஃப்ளைட்ல கூட்டமில்ல. ஸ்டூடன்ட் விசாங்கிறதால பக்கத்து சீட்ல பெல்ட் போட்டு வச்சிக்க விடுறேன். ஆனா இப்பவே பாஸ்போர்ட் வேணும். கவுன்டர் மூடப் போறோம்."

ஷாமினி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். உஷாராணியும் எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

சட்டைப் பைக்குப் போன பரமேஸ்வரனின் கை அங்கேயே நின்றது. வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரும் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். பிறகு பாஸ்போர்ட்டை எடுத்துக் கவுன்டரில் வைத்தார்.

விமலன் ஷாமினியைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா படிம்மா. அப்பா பேர காப்பாத்து."

பரமேஸ்வரன் தலையை ஆட்டினார்.

"இவ இல்ல தம்பி. படிக்கப் போறது என் சம்சாரம்."