ரெண்டு அளவு பெரிசு

"இதைவிடப் பெரிசு இருக்கா அண்ணே?" என்று கேட்டாள் பூருல்.

தாலாய் அவளை மேலும் கீழும் பார்த்தார். இசிக்குல் ஏரிக்கரையில் முக்குளிக்கிறவர்களுக்கு இருபது வருஷமாகச் சாமான் விற்கிறவர்.

"உன் உடம்புக்கு இதுவே தாராளம். நீ கேக்குறது என் உடம்புக்கு."

"பரவாயில்ல. ரெண்டு அளவு பெரிசா வேணும்."

"எதுக்கு? உள்ள கம்பளிச் சட்டை போட்டுக்கவா?"

பூருல் உடையின் தோள்பட்டையை விரித்துப் பார்த்தாள்.

"மலையிலேர்ந்து இறங்கி வர்ற எல்லாரும் இதையேதான் கேக்குறீங்க. குளிருக்குக் கோட்டு வாங்குற நெனப்பு. இது ரப்பர் உடை, தங்கச்சி. தோலோட ஒட்டி நிக்கணும். தொளதொளன்னு இருந்தா பச்சைத் தண்ணி உள்ள போய் வந்துக்கிட்டே இருக்கும். பத்து நிமிஷத்துல பல்லு அடிக்கும். அடுத்த பத்து நிமிஷத்துல கை வெறைச்சு, கத்தியைக்கூடப் பிடிக்க முடியாது."

"தெரியும்ணே."

மற்றதையெல்லாம் தெரிந்துதான் எடுத்தாள். முகக்கண்ணாடியை வார் மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுத்தாள். கையை எடுத்தும் அது விழாமல் நின்றது. மூச்சுக்கருவியில், குளிர்ந்த தண்ணீரில் உறைந்துபோகாத ரகம் எது என்று கேட்டு வாங்கினாள். துடுப்புச் செருப்பில் பட்டையை இழுத்துக் கட்டுகிற ரகம். உடை விஷயத்தில் மட்டும் இந்தப் பிடிவாதம்.

"எங்க வேலை?"

"மீன் பண்ணையில. திங்கக்கிழமை சேரணும்."

தாலாயின் முகம் மாறியது.

ஏரிக்குள் வலைக்கூண்டு கட்டி மீன் வளர்க்கிற பண்ணை அது. வலை கிழிந்திருக்கிறதா என்று தினமும் ஒருவர் அடிவரை இறங்கிப் பார்க்க வேண்டும். மீனுக்குத் தீனியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிற முதலாளிகள், இறங்குகிற ஆளுக்கு ஒரு உடை வாங்கித் தரமாட்டார்கள். அது அவரவர் பொறுப்பு.

"அங்க எசென் இருந்தானே?"

"இருந்தார். உடை கிழிஞ்சுபோச்சு. ஒட்டுப் போட்டுப் பார்த்தார், தாங்கல. புது உடை இல்லன்னா வராதேன்னு மேனேஜர் அனுப்பிட்டார்."

"உடனே நீ ஓடிட்ட."

"கூப்பிட்டாங்க. போனேன்."

"ஒம்பது வருஷம் இறங்குனவன். நாலு புள்ள. அவன் நின்ன எடத்துல ஈரம்கூடக் காயல."

"எனக்கும் வேலை வேணும்ல."

"வேணும்தான். எல்லாருக்கும் வேணும். அதனாலதான் மேனேஜர்மார் நிம்மதியாத் தூங்குறாங்க."

பூருல் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"பெரிசு இருக்கா, இல்லையா?"

தாலாய் உள்ளே போய் ஒரு உடையைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டார்.

"போட்டுப் பாக்கலியா?"

"வேணாம். தோள்பட்டை அகலமா இருக்கு, போதும்."

"போதும்னா எடுத்துக்க. தண்ணிக்குள்ள கெடந்து நடுங்கு. நாளைக்குத் தாலாய் ஏமாத்திட்டான்னு ஊர்ல சொல்லாத."

எவ்வளவு கோபமானாலும் அங்கே புது உடையை வாழ்த்தாமல் கைமாற்ற மாட்டார்கள். தாலாய் உள்ளங்கைகளை விரித்து, அவள் முகத்தைப் பார்க்காமல் முணுமுணுத்தார்.

"உடை தேயட்டும். உடுத்துறவ நல்லா இருக்கட்டும்."

வாழ்த்து முடிந்ததும் கைகளை முகத்தில் தடவிக்கொள்ள வேண்டும். தானும் விரித்திருந்த கையைப் பூருல் விரித்தபடியே வைத்திருந்தாள்.

"அண்ணே, அதை 'உடுத்துறவங்க'ன்னு மாத்திச் சொல்லுங்களேன்."

"யாரு அந்த இன்னொரு ஆளு?"

"ஒரு நாள் அவர் இறங்குவார், ஒரு நாள் நான். சம்பளமும் பாதிப் பாதி. மேனேஜர்கிட்ட கேட்டுட்டேன். உடை ஒழுங்கா இருந்தாப் போதும், உள்ள யாருன்னு அவருக்குக் கவலை இல்லையாம்."

தாலாயின் கை அப்படியே நின்றது.

"என் அளவுல வாங்குனா எசென் அண்ணனுக்கு ஏறாதே" என்றாள் பூருல்.