ஜாடிக்கு ஒரு அறை

இன்றைக்கு அதைக் கொன்றுவிடுவது என்று சின்னவள் தீர்மானித்துவிட்டாள். பெரியவள் குளிக்கப் போயிருந்தாள். மாமியார் வாசலில் காய்கறிக்காரரோடு மல்லுக்கு நின்றிருந்தார்.

பெரியவள் பெற்ற பிள்ளையைப் போல வேளாவேளைக்குப் பால் ஊற்றி வளர்த்தது, சமையலறை மூலையில் சத்தமில்லாமல் கிடந்தது. சின்னவள் அதை வடிகட்டியில் கவிழ்த்து, கெட்டிலில் தளதளவென்று கொதித்த தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள்.

கெஃபிர் மணிகள் அவை. காலிஃபிளவரை உதிர்த்துப் போட்டதுபோல இருக்கும், ஆனால் உயிருள்ளவை. பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று புளிப்பையும் வாயுவையும் வெளிவிடும். ஒரே நாளில் பால் கெட்டியாகி, நாக்கில் சுர்ரென்று ஏறும் பானமாகிவிடும். குளிரில் தூங்கும், இளஞ்சூட்டில் கொழிக்கும், கொதிநீர் பட்டால் செத்துப்போகும். வேடிக்கை என்னவென்றால், செத்த பிறகும் பார்ப்பதற்கு அப்படியேதான் இருக்கும்.

அந்தத் தைரியத்தில்தான் அவற்றை ஆறவைத்து ஜாடியில் திரும்பப் போட்டு, புதுப் பாலை ஊற்றி, வாயைப் பழையபடி துணியால் கட்டினாள்.

எல்லாம் அந்தப் பின்னறைக்காக. அதன் சுவருக்கு அந்தப் பக்கம் பேக்கரி அடுப்பு. எந்நேரமும் இதமான சூடு. கடையில் விற்க வாங்கலாமா என்று நாளைக்கு ருசி பார்க்க வரும் பேக்கரிக்காரருக்குப் பெரியவளின் பானம் பிடித்துவிட்டால், ஜாடிகளை வரிசையாக அடுக்க அந்த அறை அவளுக்கு என்று மாமியார் சொல்லிவிட்டார். அங்கே குடியிருக்கும் சின்னவளும் புருஷனும் மாடித் தகரக் கொட்டகைக்குப் போக வேண்டியதுதான்.

"கிச்சன்ல உனக்கென்ன வேலை?" ஈரத்தலையோடு வந்து நின்றாள் பெரியவள்.

"ஏன்க்கா, தண்ணி குடிக்கக்கூட உங்ககிட்ட அனுமதிச் சீட்டு வாங்கணுமா?"

"தாராளமா குடி. நீ ஆபீஸ் போனப்புறம் உன் ரூமையும் சேர்த்துப் பெருக்குறவ நானு. எனக்குத்தான் இந்த வீட்டுல ஒரு வார்த்தை கேக்க உரிமை இல்ல."

"பெருக்குற அழகுதான் தெரியுதே! ஒரு மாசமா ரூமே புளிச்ச வாடை."

"அது உன் புருஷனோட சாக்ஸ். துவைச்சாப் போயிடும். உன் வாய்க்குத்தான் சோப்பு கிடையாது."

சின்னவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு இன்னொரு கெட்டில் கொதிக்க வைத்திருக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்தாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக ஜாடியைச் சாய்த்துப் பார்த்தாள். ஊற்றிய பால் ஊற்றியபடியே தண்ணீராக ஆடியது. நிம்மதியாகப் போய்ப் பேக்கரிக்காரருக்கு அவளே நாற்காலி போட்டாள். முகத்தில் அத்தனை மரியாதை.

பெரியவள் உள்ளேயிருந்து ஒரு பாட்டிலோடு வந்தாள். மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று நுரை பொங்கியது. கெட்டியாக, வெண்ணெய்போல டம்ளரில் இறங்கியது பானம்.

பேக்கரிக்காரர் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். மீதியை ஒரே மூச்சில் முடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, நீங்க எத்தனை பாட்டில் போட்டாலும் நான் எடுத்துக்கறேன்."

"அப்புறமென்ன? பேசினபடிதான்," என்றார் மாமியார். "சின்னவளே, சாயங்காலத்துக்குள்ள ரூமைக் காலி பண்ணிடு."

சின்னவள் சமையலறைக்கு ஓடினாள். துணியைப் பிய்த்து ஜாடிக்குள் கரண்டியை விட்டுக் கலக்கினாள். தண்ணீர்ப் பால்தான். பிறகு அந்தப் பாட்டில் எங்கிருந்து முளைத்தது?

"செத்ததைக் கிளறி என்னடி பாக்குற?" முதுகுக்குப் பின்னால் பெரியவளின் குரல்.

சின்னவள் கரண்டியை ஜாடியிலேயே விட்டுவிட்டுத் திரும்பினாள். "நான்... ஒண்ணும்..."

"நேத்தே தெரியும். கெட்டில் சுட்டுது. தண்ணி குடிக்கிறவ எதுக்குடி கொதிக்க வெக்கிறா?"

"இதுல ஒண்ணுமே ஆகலையே! அப்ப அவருக்குக் குடுத்தது?"

"மணி தினம் பெருகும்டி. உன் கண்ணைப் பாத்துட்டு, போன மாசமே நல்லதையெல்லாம் பிரிச்சு வேற இடத்துல வெச்சுட்டேன். நல்ல சூடான இடம். நீ தேடவே தேடாத இடம்."

"எங்க?"

பெரியவள் இடுப்பில் கைவைத்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரூமைக் காலி பண்றப்ப கட்டிலை மட்டும் இழுக்காதே, தூக்கி நகர்த்து. அடியில என் ஜாடிங்க இருக்கு."